அரிதாக்கப்பட்ட அந்துப்பூச்சி

“ரொம்ப அரிய பூச்சி மேடம், பகல்ல பறக்கற அந்துப்பூச்சி” என்று என் மாணவி ரேவதி தன் கட்டுரைக்காக எடுத்த படத்தைக் காட்டினாள். அந்தச் சிவப்பு இறக்கையைச் சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும்.

ஆம்பூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த புல்வெளியில் அம்மா புல்லறுக்கும்போது இவை கூட்டமாக எழும்பும். என் பாவாடை முழுக்க வந்து உட்காரும். ஒருநாள் தோல் பதனிடும் ஷாப்பு லாரி சுண்ணாம்பு நாற்றத்தோடு கழிவைக் கொட்ட வந்தது. அம்மா அரிவாளோடு குறுக்கே நின்றாள்.

“இன்னாய்யா இது? மாடு மேயற எடம்!”

“வெறும் புல்லுதானே, ஓரமா போம்மா” என்று சிரித்தபடியே ஓட்டுநர் கொட்டினான். அந்தக் கோடையிலேயே புல் கருகியது. பிறகு ஒரு பூச்சியையும் நான் பார்க்கவில்லை.

ரேவதியின் கட்டுரையில் ‘அரிய’ என்ற சொல்லைப் பேனாவால் அடித்தேன்.

“ஏன் மேடம்?”

“எங்க ஊர்ல ஜாஸ்தியா இருந்துச்சு. கொன்னுட்டாங்க. அத எழுது.”