இடது ஓரத்துக் கோடு

ஒரு பழைய பால் பவுடர் டப்பா. மூடி இல்லை. அடியில் ஆணியால் அடித்த ஓட்டைகள். அதில் சுண்ணாம்புத் தூளைப் போட்டு, கயிறு பிடித்த நேருக்குக் கையால் தட்டிக்கொண்டே நடந்தால் தரையில் வெள்ளைக் கோடு விழும். கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரி மைதானத்தில் பல வருடமாக நான் பார்க்கிற வேலை இது. புல் செதுக்குவது, வலை கட்டுவது, தண்ணீர் தெளிப்பது எல்லாம் உண்டு. யாராவது கேட்டால் கோடு போடுகிறேன் என்றுதான் சொல்வேன். டப்பாவில் முதலில் சின்ன ஓட்டைகள்தான் இருந்தன. அவற்றைப் பெரிதாக்கியவன் இப்போது இல்லை. அவனைப் பற்றிக் கல்லூரி மலரில் எல்லோரும் எழுதுகிறார்கள், நீங்களும் எழுதுங்கள் என்று பி.டி. சார் தாள் கொடுத்தார். நான் எட்டாவது வரை படித்தவன். தெரிந்ததை எழுதுகிறேன்.

அவன் கரியாலூர்ப் பக்கத்து மலைப் பையன். சேர்ந்த முதல் வாரம் வெறுங்காலோடு வந்து ஆடினான். இடது கால்காரன். ஆடுவதும் இடது ஓரத்தில்தான். மைதானத்தில் யாரும் அவன் பெயரைச் சொன்னதில்லை. லெஃப்ட்டு என்போம். பந்து கிடைத்தால் ஓரக் கோட்டின் மேலேயே ஓடுவான். வலது கால் உள்ளே, இடது கால் கோட்டின் மேல். எதிராளி உள்பக்கத்தை மறித்து நிற்பான், வெளியே போக இடமில்லை என்று நினைப்பான். இவனுக்கு அந்தக் கோட்டின் அகலம் போதும். ஆட்டம் முடிந்து வரும்போது இடது ஷூ மட்டும் வெள்ளையாக இருக்கும்.

ஒருநாள் நான் கோடு போடும்போது பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தான்.

"இன்னாண்ணா இது, நூலாட்டம் இருக்குது. கொஞ்சம் பட்டையாப் போடேன்."

"பட்டையாப் போட்டா தூளு ஜாஸ்தி ஆவும். உங்கப்பனா குடுப்பாரு?"

"எங்கப்பன் மரவள்ளிக் கெழங்குதான் குடுப்பாரு. அரைச்சிப் போடுறியா?"

சொல்லிவிட்டு டப்பாவைப் பிடுங்கிக்கொண்டான். ஒரு ஆணியும் கல்லும் எடுத்து எல்லா ஓட்டையையும் அகலமாக்கினான். அடுத்த திங்கட்கிழமை மலையிலிருந்து வந்தபோது நிஜமாகவே ஒரு பை நிறையக் கிழங்கு கொண்டுவந்தான். வேகவைத்துச் சாப்பிட்டோம். கோடு அதிலிருந்து பட்டையாகத்தான் விழுந்தது.

அவன் ஆட்டத்தைப் பார்க்கக் கூட்டம் வரும். காலேஜ் பிள்ளைகள் மட்டும் இல்லை. சங்கராபுரத்திலிருந்து பால் வண்டிக்காரர் ஒருவர் கேனோடு வருவார். வாசலில் வேர்க்கடலை விற்கிற அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிடும். எல்லோரும் ரோட்டுப் பக்க ஓரத்தில் உட்காருவார்கள். முதல் பாதியில் அவன் ஓடுவது அந்தப் பக்கம். இடைவேளைக்குப் பிறகு திசை மாறும், இடது ஓரம் எதிரே சுவர்ப் பக்கத்துக்குப் போய்விடும். விசில் ஊதியதும் மொத்தக் கூட்டமும் எழுந்து, மைதானத்தின் குறுக்கே நடந்து, சுவர்ப் பக்கம் போய் உட்காரும். வேறு எந்த ஊரிலும் இப்படிப் பார்த்ததில்லை என்று வெளியூர் ஆட்டக்காரர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. இத்தனை கால்களும் என் கோட்டை மிதித்துத்தான் போகும். இடைவேளை முடிவதற்குள் நான் டப்பாவோடு ஓடித் திரும்பப் போட வேண்டும்.

"ஏம்மா, கோட்ட மிதிக்காம போவ மாட்டியா?" என்று கடலைக்காரம்மாவிடம் கத்துவேன்.

"நீ கோட்டத் தூக்கிப் புடி. நான் கீழ பூந்து போறேன்" என்று அது சொல்லும். கூட்டமே சிரிக்கும்.

கடைசி ஆட்டம் ஒரு வெளியூர்க் கல்லூரியோடு. தோற்றால் அந்தப் போட்டியிலிருந்து வெளியே. இடைவேளையில் நாங்கள் ஒரு கோல் பின்னால். அன்று கூட்டம் அதிகம். சுவர்ப் பக்கக் கோட்டை மண்ணோடு மண்ணாக்கிவிட்டார்கள். நான் திட்டினேன். கூட்டத்தில் ஒருத்தன், "கோடு போட்டா கோலு வுழுமா, போய்யா" என்றான். எனக்குக் கோபம் வந்தது. பாதிக் கோடு போட்டேன். நடுவிலிருந்து மூலை வரை மீதியைப் போடவில்லை. டப்பாவைக் கீழே வைத்துவிட்டு மர நிழலில் உட்கார்ந்தேன். குழாயடியை ஒட்டிய சாமான் அறையில் மூட்டையில் தூள் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

ஆட்டம் முடியச் சில நிமிடம் இருந்தபோது அவன் அந்தப் பக்கமாக ஓடினான். கோடு இல்லாத இடத்தில் ஓடினான். மூலைக்குப் பக்கத்திலிருந்து பந்தைத் தூக்கி உள்ளே அனுப்பினான், இன்னொருவன் தலையால் முட்டி வலைக்குள் போட்டான். கூட்டம் எழுந்து கத்தியது. ஓரத்தில் நின்ற நடுவர் கொடியைத் தூக்கியிருந்தார். அவன் தூக்கியடிப்பதற்கு முன்பே பந்து வெளியே போய்விட்டது என்றார். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து நேராகத் தெரிந்தது. பந்து உள்ளேதான் இருந்தது. கோடு இருந்திருந்தால் அவருக்கும் தெரிந்திருக்கும். கோல் கொடுக்கவில்லை. தோற்றோம்.

குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தான். அன்று இடது ஷூவில் வெள்ளை பாதிதான் இருந்தது.

"தூளு தீந்துட்ச்சாண்ணா?"

"தீந்துட்ச்சிடா."

"வுடு. பந்து உள்ளதான் இருந்திச்சி, எனக்குத் தெரியும். அடுத்த மேட்ச்சுக்கு நல்லாப் போடு."

எங்களுக்கும் அந்த மூட்டைக்கும் நடுவில் ஒரு கதவுதான் இருந்தது.

அடுத்த வாரம் லீவு. மரவள்ளி பிடுங்க ஊருக்குப் போனான். ஒருநாள் மத்தியானம் மழை பிடித்தது. கொல்லையில் இடி விழுந்தது. அவ்வளவுதான்.

பஸ்ஸிலும் வண்டியிலுமாக எல்லோரும் மலைக்குப் போனோம். கடலைக்காரம்மா பால் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தது. அவன் அப்பா வாசலில் நின்று எங்களைப் பார்த்தார். "இம்மாம் பேரா?" என்று மட்டும் கேட்டார். மகன் பந்து ஆடுவான் என்று தெரியும், இவ்வளவு பேர் பார்க்கிறார்கள் என்று தெரியாது. உள்ளே சுவரில் ஆணியில் ஷூ தொங்கியது. இடது ஷூவின் தையலில் வெள்ளை இருந்தது. என் தூள். நான் அழவில்லை. பஸ்ஸில் திரும்பும்போதும் அழவில்லை. எதுவும் தோன்றவில்லை.

லீவு முடிந்த அன்று பி.டி. சார் ஒரு புது மூட்டையை இறக்கச் சொன்னார்.

"அவன்தான் கேட்டுட்டுப் போனான். அன்னைக்குத் தூளு பத்தாம அண்ணன் கஷ்டப்பட்டாரு சார், ஒரு மூட்டை ஜாஸ்தி வாங்குங்கன்னு. தீந்துடுச்சாமே?"

"ஆமாங்க சார்" என்றேன். இரண்டாவது தடவையும் அதையே சொன்னேன். இல்லை சார், தீரவில்லை. நான்தான் போடவில்லை. இதைச் சொல்லத்தான் தாள் வாங்கினேன்.

அவன் நினைவாக ஒரு ஆட்டம் வைத்தார்கள். காலேஜ் அணியும் பழைய மாணவர்களும். நான் விடியற்காலையே போய் இரண்டு ஓரக் கோட்டையும் மூன்று தடவை போட்டேன். காலேஜ் அணியில் பத்துப் பேர்தான் இறங்கினார்கள். அவன் இடத்தில் யாரையும் நிறுத்தவில்லை. பழைய மாணவர்கள் எல்லாம் அவனோடு ஆடியவர்கள். அவர்களும் அந்த ஓரத்துக்குப் பந்தைக் கொண்டுபோகவில்லை. பேசி வைத்ததாகத் தெரியவில்லை.

இடைவேளை விசில் ஊதியதும் கடலைக்காரம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தது. பழக்கம். பின்னால் கூட்டம் முழுக்க எழுந்தது. நடு மைதானத்தில் பால்காரர் நின்றுவிட்டார்.

"எங்கம்மா போய்க்கினு இருக்கிறோம்? அங்க யாரு இருக்கிறா?"

"இங்க மட்டும் யாரு இருக்கிறா? நட" என்றது அந்த அம்மா.

நடந்தார்கள். நான் டப்பா நிறையத் தூளோடு சுவர்ப் பக்கம் நின்றிருந்தேன், மிதித்ததும் திரும்பப் போட. கோட்டுக்கு அருகில் வந்ததும் அந்த அம்மா புடவையைத் தூக்கிப் பிடித்து, காலை எட்டி வைத்துத் தாண்டியது.

"மிதிக்கல. பாத்துக்கோ" என்றது.

பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராகத் தாண்டினார்கள். பால்காரர் வேட்டியை மடித்துக் கட்டித் தாண்டினார். ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கு வேலை இல்லாமல் போயிற்று.

ஆட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு மூலையிலிருந்து நடு வரை நடந்து பார்த்தேன். கோட்டில் ஒரு கால்தடம் இல்லை. இவ்வளவு நல்ல கோடு நான் போட்டதே இல்லை. அறைக்குப் போய் டப்பாவில் இருந்ததை மூட்டையில் திருப்பிக் கொட்டினேன். ஓட்டைகள் பெரிது, கதவு வரைக்கும் தரையில் சிந்தியிருந்தது. மூட்டையில் கையை விட்டுப் பார்த்தேன். தூள் நிறைய இருந்தது.