பாத்தியில் கிடைத்த ஜிமிக்கி

பறித்து ஒரு நாழிகைகூட ஆகாத முளைக்கீரைக்கு ஒரு வாசனை உண்டு. பாதி இலையின் பச்சை வாசனை, பாதி வேரில் ஒட்டிய ஈர மண்ணின் வாசனை. மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் காலையில் அந்த வாசனை வந்துவிட்டால், எல்லம்மா வந்துவிட்டாள் என்று அவள் குரல் கேட்காமலே தெரிந்துவிடும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில், எனக்கு ஏழெட்டு வயது. எங்கள் தெரு முழுவதற்கும் கீரை அவள்தான். மந்தைவெளிக்குத் தெற்கே, அடையாற்றை ஒட்டி, குத்தகைக்கு எடுத்த ஒரு துண்டு நிலத்தில் தானே விதைத்து, தானே பறித்து, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே வருவாள். புருஷன் இல்லை, இரண்டு பெண் குழந்தைகள். அந்தக் கூடை காலியானால்தான் அவர்கள் வீட்டில் உலை.

அவளிடமிருந்து கீரை எங்கள் சமையலறைக்குள் வருவதற்கு ஒரு சடங்கு இருந்தது. அப்பாவின் தமக்கை, நாங்கள் அத்தை என்று அழைத்தவள், சிறு வயதிலேயே கைம்பெண்ணாகி எங்களோடு வந்து இருந்தாள். சமையலறையும், தீட்டுப் படாமல் காக்கும் "மடி"யும் அவளுடைய ராஜ்யம். அம்மா அந்த ராஜ்யத்தில் வாயில்லாப் பிரஜை. எல்லம்மா கீரைக்கட்டைத் துவைக்கிற கல்லின்மேல் வைத்துவிட்டு நாலடி தள்ளி நிற்க வேண்டும். அத்தை ஒரு செம்புத் தண்ணீரைக் கையெட்டும் உயரத்திலிருந்து அதன்மேல் ஊற்றுவாள். "தண்ணி பட்டுடுத்து, தோஷம் போயிடுத்து" என்ற பிறகுதான் அது கீரை. அதுவரை அது எல்லம்மா. ஏகாதசி முழுவதும் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் கிடந்து, மறுநாள் துவாதசிப் பாரணையில் அத்தை முதலில் வாயில் வைத்த அகத்திக்கீரையும் எல்லம்மாவின் வரப்பில் நின்ற மரத்துக் கீரைதான்.

அதே கொல்லையின் கடைசியில் எங்கள் "கக்கூஸ்" இருந்தது. அதன் பின்சுவரில் தாழ்வாக ஒரு தகரக் கதவு, அதற்கு வெளியே ஒரு சந்து. விடிவதற்கு முன்பே ஒரு மனிதன் அந்தச் சந்து வழியாக வந்து, அள்ளி, சந்து முனையில் நிற்கும் மாட்டு வண்டியில் கொட்டிக்கொண்டு போய்விடுவான். அவன் பெயர் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அவனை என்ன சொல்லிக் குறிப்பிட்டோம் என்று எழுத இப்போது கை கூசுகிறது. வண்டி எங்கே போகிறது என்று நான் ஒரு தடவை கேட்டேன். "கேக்கற கேள்வியைப் பாரு" என்று தலையில் ஒரு குட்டு விழுந்ததே தவிரப் பதில் வரவில்லை. பெரியவர்களுக்கும் தெரியாது என்பது பிறகு புரிந்தது. தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்குத்தான் அவ்வளவு பாடுபட்டார்கள்.

அந்தக் காலத்தில்தான் என் காது ஜிமிக்கி ஒன்று தொலைந்தது. சிவப்புக் கல் வைத்து, ஓரத்தில் முத்துத் தொங்கிய ஜிமிக்கி. திருகு தளர்ந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார்கள். கிணற்றை இறைத்துப் பார்த்தார்கள். எனக்கு முதுகில் விழுந்ததற்குக் கணக்கில்லை. மறுநாள் கீரை கொண்டு வந்த எல்லம்மா, "இன்னா பாப்பா, ஒரு காது மூளியா கீது?" என்று கேட்டாள். நான் அழுதுகொண்டே மற்றக் காதைக் காட்டினேன். குனிந்து நன்றாகப் பார்த்தாள். "அயுவாத. பொன்னு எங்கியும் பூடாது, மண்ணுல தான் கெடக்கும்" என்றாள்.

ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போய்விட்டன. ஒருநாள் அவள் கூடையை இறக்குமுன்பே முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே கழுவித் துடைத்த ஜிமிக்கி. கல் நிறம் மங்கியிருந்தது, முத்து உதிர்ந்திருந்தது. ஆனாலும் அதேதான். நான் கூச்சல் போட்டதில் வீடே கொல்லைக்கு வந்துவிட்டது.

"எங்கேடி கெடச்சுது இது?" என்றாள் அத்தை, முகமெல்லாம் மலர்ந்து.

"தோட்டத்துல தாம்மா. சிறுகீர பாத்திய கொத்திக்கினு இருந்தேன், மினுக்குனு கண்ணுல பட்டுச்சி. பாப்பா காதுல பாத்தது நெனப்பு வந்துச்சி."

"எங்காத்து நகை உன் தோட்டத்துக்கு எப்படிடி வரும்?"

எல்லம்மாவுக்கு இந்தக் கேள்வியே விளங்கவில்லை. அவளுக்கு அது ரகசியமே இல்லை. "எருவுல தாம்மா வந்துகீது. ஒங்க சந்து வண்டி அங்க தானே வந்து கொட்டுது? குப்பையும் சாம்பலும் போட்டு மூடி, ஒரு வர்சம் கெடந்தா எல்லாம் மண்ணா பூடும். வேணும்னா மோந்து பாருங்கம்மா, மண்ணு வாசன தான் அடிக்கும். நீங்க துன்னது மண்ணுக்குப் போவுது, மண்ணு குடுக்கறத நீங்க துன்றீங்க. நம்ம கீர இன்னாத்துக்கு இவ்ளோ தளதளன்னு கீது?" என்றாள் பெருமையாக.

அத்தையின் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை. "சிவ சிவா!" என்று காதைப் பொத்திக்கொண்டாள். "இத்தனை நாளா இதையாடி எங்களைச் சாப்பிடப் பண்ணினே, பாவி! குலமே கெட்டுதே! இனிமே இந்தத் தெருப் பக்கம் தலைவெச்சுப் படுக்கப்படாது, போடி!" என்று அலறினாள். கல்லின்மேல் இருந்த கீரைக்கட்டை ஒரு குச்சியால் தள்ளிவிட்டாள். எல்லம்மா குனிந்து, சிதறியதை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டாள். அடுத்த வீட்டுக்காரிகள் மதில்மேல் எட்டிப் பார்த்தார்கள். பொழுது சாய்வதற்குள் தெரு முழுவதும் அவளுக்குக் கதவைச் சாத்தியாகிவிட்டது.

அப்பா வக்கீல். ஹைகோர்ட்டில் நியாயம் பேசுகிறவர் கொல்லை நிலையில் நின்று தொண்டையைக் கனைத்தார். "அந்த ஜிமிக்கியை என்ன பண்றது, அக்கா?" என்று கேட்டார்.

"புளி போட்டுத் தேச்சு, தணல்ல வாட்டி எடுத்தாச் சரியாப் போயிடும். பொன்னுக்கு ஏதுடா தோஷம்?" என்றாள் அத்தை.

அப்படியே செய்தார்கள். பிறகு வீட்டில் எல்லாரும் தலை முழுகிப் பஞ்சகவ்யம் உட்கொண்டோம். மாட்டின் சாணமும் கோமியமும் கலந்ததை விழுங்கி, எருவில் விளைந்த கீரையின் அசுத்தத்தைப் போக்கிக்கொண்ட புத்திசாலிகள் நாங்கள். கிருமிக்குப் பயந்து செய்திருந்தால் நான் குறை சொல்லமாட்டேன். டைபாய்டில் எத்தனையோ பேர் போன காலம் அது. அத்தையின் பயம் கிருமியைப் பற்றியது அல்ல. தன் வீட்டிலிருந்து போனது தன் வீட்டுக்கே திரும்பி வந்த வழியை ஒருத்தி வாய்விட்டுச் சொன்னதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். எல்லம்மா கீரையைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, ஜிமிக்கி எனக்கு எப்போது கிடைக்கும் என்று அத்தையின் புடவையைத் தொடாமல் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தேன். கிடைத்ததும் கூடத்துக் கண்ணாடி முன்னால் போய் நின்று, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தேன். எல்லம்மாவுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த துவாதசிக்கு அகத்திக்கீரை இல்லை. அத்தை பாரணை செய்ய முடியாமல் தவித்துக்கொண்டிருந்தபோது, கோவிந்தன் என்று ஒரு புது ஆள் கூடையோடு வந்தான். "பல்லாவரத்துக் கீரைம்மா, கெணத்துத் தண்ணி, ரயில்ல வருது" என்றான். அத்தைக்கு உயிர் வந்தது. வழக்கம்போல ஒரு செம்புத் தண்ணீர். கீரை உள்ளே போனது. "இதுன்னா கீரை!" என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டாள். எனக்கு மட்டும் அந்தக் கட்டைப் பார்த்ததும் ஏதோ உறுத்தியது. பனையோலைக் கீற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியைக் காம்புகளுக்குள் செருகியிருந்தது. அப்படிக் கட்டுகிற கையை எனக்குத் தெரியும்.

பங்குனி உற்சவத்தில் அறுபத்துமூவர் கூட்டத்தில் எல்லம்மாவைப் பார்த்தேன். இளைத்திருந்தாள். என்னைக் கண்டதும் முகவாயைத் தொட்டு, இரண்டு காதையும் பார்த்துச் சிரித்தாள். "ரெண்டு காதும் இப்போ தான் களையா கீது" என்றாள். நான் ஓலைக் கட்டைப் பற்றிக் கேட்டேன். சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"நம்ம கீர தான் பாப்பா. கோயிந்தன் பாத்திலியே வந்து வாங்கிக்கிறான். பல்லாவரம்னு சொல்லிக்கினு விக்கிறான். எனக்குக் குடுக்கறது பாதி வயித்துக்குத் தான் காணும். பெரியவள வூட்டு வேலைக்கு உட்டுட்டேன். ஒங்க வூட்ல சொல்லிடாத பாப்பா. அதுவும் பூட்டா நான் எங்க போவேன்?"

நான் சொல்லவில்லை. வாழ்நாளில் நான் காப்பாற்றிய ஒரே பெரிய ரகசியம் அது. ஆனால் அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. உண்மை சொன்னதற்கு அவள் பட்ட பாட்டைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன், அவ்வளவுதான். சில வருஷம் கழித்து அத்தை படுத்த படுக்கையானபோது, கடைசிவரை அவளுக்கு இறங்கியது கீரை மசியலும் குழைந்த சாதமும்தான். "அந்தப் பாவி எங்களைக் கெடுக்கப் பாத்தா. பகவான்தான் பல்லாவரத்துக் கீரையைக் காட்டினார்" என்று சொல்லிக்கொண்டே கண்ணை மூடினாள். பக்கத்தில் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தவள் நான்.

தொள்ளாயிரத்து முப்பதுகளில் எனக்குக் கல்யாணமாகி, தியாகராய நகரில் புதிதாகக் கட்டிய வீட்டுக்குக் குடிபோனேன். ஏரியைத் தூர்த்து மனை போட்ட இடம் அது; அந்த ஏரித் தண்ணீரில் யாருடைய நெல் விளைந்தது என்று நாங்கள் கேட்கவில்லை. அடையாற்றங்கரைத் தோட்டத்தையும் அதற்குப் பிறகு மனையாக்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். எல்லம்மா எங்கே போனாள் என்று விசாரித்திருக்கலாம். ஒரு ரிக்ஷா வைத்துக்கொண்டு போனால் அரை மணி தூரம். போகவில்லை.

இப்போது எனக்கு அறுபது தாண்டிவிட்டது. தோட்டம் இருந்த இடத்தில் வரிசையாக மாடி வீடுகள். சந்துகள் மறைந்தன, அது நல்லதுதான், ஒரு மனிதன் அதைச் சுமந்த காலம் திரும்பி வரவே வேண்டாம். ஆனால் நாம் கழிப்பதெல்லாம் குழாய் வழியாக ஓடி ஆற்றைக் கறுப்பாக்குகிறது. விளைகிற மண்ணுக்கோ ஆலையிலிருந்து மூட்டை மூட்டையாக உர உப்பு வாங்கிக் கொட்டுகிறார்கள். போன வாரம் கடையில் ஒரு கீரைக்கட்டைக் கையில் எடுத்து, "இது எங்கே விளைஞ்சது?" என்று கேட்டேன். "கொத்தவால் சாவடிம்மா" என்றான் கடைக்காரன். அது மொத்தச் சந்தை, சாவடியில் எங்கேயப்பா விளையும் என்றேன். "வேணும்னா எடுத்துக்குங்க, இல்லாட்டி வெச்சுட்டுப் போங்க" என்று அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நான் சாப்பிட்ட சோறும் கறியும் எங்கிருந்து வந்தன என்று இத்தனை வருஷத்தில் என்னிடம் உள்ளதை உள்ளபடி சொன்னவள் ஒருத்திதான். அவளை நாங்கள் தெருவுக்குள்ளேயே வராதே என்று துரத்தினோம்.