அறுபது வெள்ளி நோட்டும் ஒரு லேமினேஷனும்

மாமனாருக்கு அறுபதாம் கல்யாணம். மலேசியாவின் அறுபது வெள்ளி (ரிங்கிட்) நினைவு நோட்டைப் பரிசளித்தால் பொருத்தமாக இருக்கும் என்று இன்று சிகாமட்டிலிருந்து சிம்பாங் ரெங்கம் வரை வண்டி ஓட்டினேன். ஃபேஸ்புக்கில் விற்பனைக்குப் போட்டிருந்த அண்ணன் சாப்பாட்டுக் கடையில் காத்திருந்தார்.

"நல்லா செக் பண்ணிக்குங்க பிரதர். தடவிப் பாருங்க, எழுத்து மேடா தட்டுப்படும்."

தடவினேன். மெனு கார்டு மாதிரி வழவழவென்று இருந்தது.

"சாய்ச்சுப் பாருங்க, கலர் மாறும்."

சாய்த்தேன். கடையின் டியூப்லைட்தான் தெரிந்தது.

"அண்ணே, லேமினேட் பண்ணிட்டீங்களா?"

"பின்னே? அழுக்குப் பட்டா போச்சு லா."

"நோட்டே பிளாஸ்டிக்தானே அண்ணே!"

"அதான், மேல இன்னொன்னு. அதுக்கு மட்டும் பத்து வெள்ளி கூட."

கள்ள நோட்டுக்காரனுக்குப் பயந்து பார்த்துப் பார்த்துச் செய்த பாதுகாப்பு அத்தனையையும் ஸ்டேஷனரி கடை மெஷின் இரண்டே நிமிடத்தில் தீர்த்துக் கட்டியிருக்கிறது.

வாங்காமல் திரும்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைக்கிறது. மாமனார் பத்து வருடமாக சோபாவின் பிளாஸ்டிக் உறையையே பிரிக்கவில்லை. அவருக்கு இதைவிடப் பொருத்தமான பரிசு உண்டா?

திரும்பிப் போய் வாங்கிவிடட்டுமா, சொல்லுங்கள்.