மாமாவின் வாய்ப்பூட்டு

எங்கள் தாய்மாமன் வாயைத் திறந்தால் பூண்டி ஊரே காதைப் பொத்திக்கொள்ளும். அப்படிப்பட்டவரின் வாயை மதுரை டாக்டர்கள் பூட்டி அனுப்பிவைத்தார்கள். பெருமாள்மலையில் பூண்டு மூட்டை ஏற்றிய லாரியின் மேலிருந்து விழுந்து அவருக்குத் தாடை உடைந்துவிட்டது. ஈறுக்கு மேலும் கீழும் எலும்பில் சின்னத் திருகாணிகளை முடுக்கி, இரண்டு தாடையையும் கம்பியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். எலும்பு கூடும் முன்பே பிரித்தால் தாடை கோணிக்கொள்ளுமாம். வாந்தி வந்தால் மட்டும் மூச்சடைக்காமல் இருக்க உடனே வெட்ட வேண்டும் என்று ஒரு கட்டரும் கொடுத்திருந்தார்கள். அது எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கும்.

கடைவாய் இடுக்கில் ரப்பர் குழாயை நுழைத்து அக்காதான் அவருக்குக் கஞ்சி கொடுப்பாள். கொடுத்துக்கொண்டே அவர் காதோடு என்னவோ சொல்வாள், கண்ணைத் துடைத்துக்கொள்வாள். பதில் சொல்ல முடியாதவரிடம் அப்படி என்ன பேச்சு என்று எனக்குப் பொறாமை. கிட்டே போனால், "போடி, ஒன் சோலியப் பாரு" என்று விரட்டுவாள்.

அதற்குள் போளூரிலிருந்து அக்காவுக்கு ஒரு வரன் வந்தது. நிலபுலன் உள்ளவர், முதல் தாரம் தவறியவர், மாமாவைவிட மூத்தவர். மாமாவுக்குக் கம்பி பிரித்த பிறகு நிச்சயம் வைத்துக்கொள்ளலாமே என்று அப்பா இழுத்தார்.

"அவன் வாயத் தொறந்தா காரியம் கெட்டுரும். வெரசா முடிச்சிரணும்" என்றாள் அம்மா. விசேஷ வீட்டில் மாமா கத்தக் கூடாது என்கிறாள் போல என்று நான் நினைத்துக்கொண்டேன்.

தாய்மாமன் சம்மதம் சொல்லாமல் எங்களில் தட்டு மாற்ற மாட்டார்கள். மாற்றிவிட்டால் பிறகு பேச்சு மாறவும் கூடாது. நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் சபையில் கேட்டார்: "தாய்மாமனுக்குச் சம்மதந்தானுங்களே?"

'இல்லை' என்று மாமா தலையை ஆட்டினார். பல்லிடுக்கில் உறுமினார்.

"பாவம், அவனுக்கு வலி. மௌனம் சம்மதம்னு எடுத்துக்கங்க" என்றாள் அம்மா. அந்த உறுமலைப் போய் மௌனம் என்றாளே!

மாமா கட்டரை எடுத்து வாய்க்குள் விட்டார். 'டக்'கென்று ஒரு கம்பி அறுந்தது. உதட்டோரம் ரத்தம் வழிந்தது. பெண்கள் கூட்டத்திலிருந்து அக்கா ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் மாமா. தாடை போயிரும். நான் இவரையே கட்டிக்கிறேன்."

மாமா தேம்பித் தேம்பி அழுதார். தட்டு மாறியது. மாமன்மேல் என்ன பாசம் பாருங்கள் என்று போளூர்ப் பெண்கள் மெச்சினார்கள்.

அறுந்த கம்பியை மதுரையில் மறுபடி கட்டினார்கள். தாடை கோணாமல் கூடியது. எல்லாம் பிரித்த பிறகும் மாமா அம்மாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இன்னும் வலிக்கிறது போல என்று நினைத்தேன்.

கல்யாணத்துக்கு எனக்குப் பட்டுப் பாவாடை எடுத்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் குதித்துக்கொண்டிருந்தேன். இப்போதுதான் புரிகிறது. அவ்வளவு பெரிய சபையில் அக்காவுக்காக 'மாட்டோம்' என்று சொல்ல இருந்தது ஒரே ஒரு வாய். அந்த வாய் கெட்டுவிடக் கூடாதென்றுதான் அவள் சரி என்றாள். அது அன்று எனக்குத் தெரியவில்லை.