அச்சில் விழாத பெயர்

நான் இப்போது இருக்கும் ஊரில் காரை மட்டும் தனியாக வாடகைக்குத் தருகிறார்கள், ஓட்டுபவர் இல்லாமல். விழுப்புரத்தில் இருப்பவர்களுக்கு இதை நம்பச் சற்று நேரம் பிடிக்கும், எனக்கும் பிடித்தது. கடைக்குள் போனால் மேசைக்குப் பின்னால் ஒரு பெண் இருப்பார். ஓட்டுநர் உரிமம், முகவரிக்குச் சான்றாக மின்சார ரசீது, வங்கி அட்டை ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டு, முன்பின் தெரியாத உங்கள் கையில் சாவியைக் கொடுத்துவிடுவார். யார் வீட்டுப் பிள்ளை, எந்த ஊர், எதற்காகப் போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டார். அட்டை மட்டும் தவறாமல் வேண்டும். அதில் உங்கள் பெயரும் எண்களும் மேடாகப் புடைத்து நிற்கும். அதை ஓர் இரும்புத் தட்டில் வைத்து, மேலே கார்பன் பூசிய சீட்டை வைத்து, ஒரு கைப்பிடியை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இழுப்பார்கள். பெயர் சீட்டில் விழுந்துவிடும். வண்டி திரும்பி வரும்வரை அந்தச் சீட்டுதான் டெபாசிட். கருவிக்கு இங்கே ‘ஃபேர் அ ரெப்பாஸே’ என்று செல்லப்பெயர். இஸ்திரிப் பெட்டி என்று பொருள். புதிதாக வந்திருக்கும் நம்மவர்கள் இந்த நடைமுறையைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. நான் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தேன். அதனால் ஒன்றும் ஆகவில்லை என்பது வேறு விஷயம்.

திண்டிவனம் தாலுகா ஆபீசில் துணை தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வீடு விழுப்புரத்தில். காலை பாசஞ்சரில் போய் மாலை பாசஞ்சரில் திரும்பிய காலம் அது. என் மனைவி சரோஜாவின் அப்பா புதுச்சேரி ‘சொல்தா’, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர். அந்த வழியில் அவளுக்கும் அவள் தம்பி தனபாலுக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. தனபாலும் பட்டாளத்தில் சேர்ந்தான், திருமணம் செய்துகொள்ளவில்லை, ஓய்வு பெற்றதும் பிரான்சின் தெற்கே தூலோன் என்ற துறைமுக ஊரிலேயே தங்கிவிட்டான். எங்களை இங்கே வரவழைத்தவன் அவன்தான். சரோஜாவுக்குப் பாரிசுக்கு வெளியே சார்செல் என்ற ஊரில், ஒரு பள்ளிச் சமையலறையில் வேலை கிடைத்தது. எனக்கு வேலை இல்லை. வருகிற காகிதங்களை எல்லாம் படிப்பேன்.

வங்கி அட்டையோடு ஒரு சிறு புத்தகம் வந்தது. அகராதியை வைத்துக்கொண்டு முழுக்கப் படித்தேன். அட்டை வங்கியின் சொத்து, வைத்திருப்பவருக்கு அனுபவ உரிமை மட்டும் என்று போட்டிருந்தது. புறம்போக்கில் குடியிருப்பவருக்கு நாங்கள் எழுதிக்கொடுப்பது போலவே இருந்ததால் எனக்கு அது உடனே புரிந்தது. அட்டையைப் பர்சில் பத்திரப்படுத்தினேன். வங்கிக்கு நேரில் போய்க் கையெழுத்துப் போட்டுத்தான் பணம் எடுப்பேன். சுவரில் பதித்த இயந்திரத்தோடு வரவுசெலவு வைத்துக்கொள்ளும் வயது எனக்கு இல்லை.

அடுத்த ஆடியில் ஊருக்குப் போயிருந்தோம். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அப்போதுதான் ஒரு ஜெராக்ஸ் கடை வந்திருந்தது. லாமினேஷனும் உண்டு. தாலுகா ஆபீஸ் பதிவறையில் முப்பது வருஷம் கரையானோடும் மழைத் தண்ணீரோடும் மல்லுக்கட்டியவனுக்கு, காகிதத்தைக் கண்ணாடிபோன்ற உறைக்குள் வைத்துச் சூட்டால் ஒட்டிவிடும் அந்தக் கருவி ஓர் அவதாரமாகவே தெரிந்தது. ஓய்வூதிய ஆணை, ரேஷன் கார்டு, சரோஜாவின் பிறப்புச் சான்று என்று எல்லாவற்றையும் கொடுத்தேன். கடைசியில் பர்சிலிருந்த வங்கி அட்டையையும் நீட்டினேன்.

கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சார், இதுவே பிளாஸ்டிக்குதானே. இதுக்கு இன்னாத்துக்கு லாமினேசனு?”

ஆவணம் என்றால் உறை இருக்கவேண்டும் என்றேன்.

“சூடு வெச்சா எழுத்து அமுங்கிடும் சார். அப்புறம் என்னைப் பேஜாரு பண்ணக் கூடாது.”

எழுத்தைப் படிக்க முடியுமா முடியாதா, அதை மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டேன். படிக்கலாம் என்றார். அப்படியானால் சரி என்றேன். அவர் என்னோடு நின்ற சரோஜாவைப் பார்த்து, “ஆபீசரா இருந்தவரு, சொன்னா கேப்பாரா” என்று சிரித்துவிட்டுக் கருவிக்குள் தள்ளினார். அட்டை மறுபக்கம் வழவழவென்று வந்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது.

அந்த வருஷக் குளிர்காலத்தில் ஒரு நாள் காலையில் தூலோன் ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசி வந்தது. தனபாலுக்கு மூளையில் ரத்தக்கசிவு. உயிர் இருக்கிறது, பேச்சும் இருக்கிறது. ஆனால் நேற்றிலிருந்து பிரெஞ்சு பேசவில்லை என்று நர்ஸ் சொன்னார். தன் மொழியில் ஏதோ ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாராம். தண்ணீர் கொடுத்தார்களாம், போர்வை கொடுத்தார்களாம், ஜன்னலைத் திறந்து பார்த்தார்களாம். அது எதுவும் இல்லையாம். ஆஸ்பத்திரியில் அந்த மொழி தெரிந்தவர் ஒருவரும் இல்லை, மதாம், அதாவது சரோஜா, வந்தால் நல்லது, சீக்கிரம் வந்தால் இன்னும் நல்லது என்றார். தொலைபேசியை அவன் காதில் வைக்க முடியுமா என்று கேட்டேன். அந்த வார்டில் தொலைபேசி இல்லை.

ரயில்கள் ஓடவில்லை, வேலைநிறுத்தம். விமானத்தில் இடமில்லை. மேல்மாடியில் குடியிருக்கும் அந்துவான் வந்தார். புதுச்சேரிக்காரர், கார்த் தொழிற்சாலையில் வேலை, சொந்தமாகக் கார் கிடையாது. வாடகைக் காரை எடுத்தால் ஒரே மூச்சில் ஓட்டிக்கொண்டு போய்விடலாம் என்றார். ஆனால் திரும்பி வந்த ஒரு காசோலைக்காக வங்கி அவருடைய அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. உரிமம் அவரிடம், அட்டை என்னிடம். ஒப்பந்தம் என் பெயரில், ஓட்டுநராக அவர் பெயரைச் சேர்க்கலாம். விதி அதற்கு இடம் கொடுக்கிறது. இதைச் சொன்னவன் நான்தான். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

சரோஜா, அந்துவான், நான் மூவரும் கடைக்கு நடந்தோம். எனக்கு ஏனோ பனமலைக்குப் போன நாள் நினைவுக்கு வந்தது. தனபால் விடுமுறையில் வந்திருந்தான். விழுப்புரம் ஜங்ஷன் வாசலில் ஓர் அம்பாசிடர் பேசினோம். தூலோன் பழக்கத்தில் அவன் ஓட்டுநரிடம் டெபாசிட் எவ்வளவு கட்டவேண்டும் என்று கேட்டுவிட்டான். அந்த மனிதர் பீடியை அணைத்துவிட்டு நிதானமாகப் பதில் சொன்னார்.

“டெபாசிட்டா? அதெல்லாம் இன்னாத்துக்கு சார். நான்தான் கூட வர்றேனே. நானே டெபாசிட்டு.”

தனபால் முன்சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவித்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, உரித்துத் தின்றபடியே வந்தான். காணை ஊரைத் தாண்டுவதற்குள் அவர் குடும்பம் முழுவதையும் விசாரித்துவிட்டான். பனமலை ஏரிக்கரையில் இறங்கி, முகம் கழுவி, அங்கேயே துண்டை விரித்துப் படுத்தான். மலைமேல் கோயிலுக்கு நாங்கள் இருவர் மட்டும் ஏறினோம். இறங்கி வந்தபோது அவனும் ஓட்டுநரும் அக்கம்பக்கமாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நம் ஊரில் காரோடு ஒரு மனிதனும் சேர்ந்தே வருகிறான். ஜாமீன், வழிகாட்டி, சில வேளை சாட்சி எல்லாம் அவனே. இங்கே அவனைக் கழித்துவிட்டுக் காரை மட்டும் தருகிறார்கள். கழித்த இடத்தில் அட்டை.

மேசைப் பெண் மரியாதையானவர். என்னை என் அப்பா பெயரைச் சொல்லி, ‘மிசியே குப்புசாமி’ என்று அழைத்தார். இங்கே அதுதான் குடும்பப் பெயர். திருத்துவதை நான் விட்டு வெகுகாலமாகிறது. அந்துவானின் உரிமம் சரி. ரசீது சரி. அட்டையைத் தட்டில் வைத்தார். உறை தடிமனாக இருந்ததால் பொருந்தவில்லை. ஓரத்தை அமுக்கிப் பொருத்தினார். கைப்பிடியை இழுத்தார். சீட்டை எடுத்துப் பார்த்தார். இன்னொரு சீட்டை வைத்து அழுத்தி இழுத்தார். மூன்றாவது முறை எழுந்து நின்று உடம்பின் பாரத்தைப் போட்டு இழுத்தார். பிறகு சீட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார். மேலே அந்தக் கடையின் பெயர் நீலத்தில் தெளிவாக விழுந்திருந்தது. கீழே நான் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

அட்டையில் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். பாதுகாத்தேன் என்றேன். என் பிரெஞ்சு தவறு என்று நினைத்து வேறு சொற்களில் மறுபடியும் கேட்டார். மறுபடியும் அதையே சொன்னேன். எண்ணைக் கையால் எழுதிக்கொள்ளலாமே என்றேன்; எழுதினால் செல்லாது. காசோலை தருகிறேன் என்றேன். டெபாசிட்டுக்குக் காசோலை ஆகாது. ரொக்கம், ஆகாது. என் பாஸ்போர்ட்டை வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அது அரசாங்கத்தின் சொத்து, வாங்க உரிமை இல்லை என்றார். அவர் சொன்ன ஒவ்வொன்றும் சரி. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் இதே வரிசையில் மறுத்திருப்பேன்.

மறுத்தும் இருக்கிறேன். ஓமந்தூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் மைத்துனனுக்கு ஜாமீன் நிற்பதற்காகச் சொத்து மதிப்புச் சான்று கேட்டு வந்தார். பட்டா இறந்துபோன அப்பா பெயரில் இருந்தது. வாரிசுச் சான்று, பெயர் மாற்றம், பிறகு வா என்று அனுப்பினேன். “நான்தான் எதிர்ல நிக்கிறேனே சார்” என்றார். “நீ நிக்கிறது ஃபைல்ல தெரியாதுய்யா” என்றேன். ஆபீசில் எல்லோரும் சிரித்தார்கள். நல்ல பதில் என்று நானும் நினைத்தேன்.

சரோஜாவுக்குப் பேச்சு புரியவில்லை, விஷயம் புரிந்துவிட்டது. கையிலிருந்த இரண்டு தங்க வளையல்களையும் கழற்றி மேசையில், சீட்டின் மேல் வைத்தாள். விழுப்புரத்தில் எந்தக் கதவும் திறக்கும் முறை அது. அந்தப் பெண் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். முகம் மலர்ந்தது. மிக அழகாக இருக்கின்றன மதாம், உங்கள் ஊரில் செய்ததா என்று கேட்டார். பிறகு இரண்டையும் பத்திரமாகச் சரோஜாவின் கையிலேயே மாட்டிவிட்டார்.

“இன்னா சொல்றாங்க?” என்று சரோஜா என்னைக் கேட்டாள்.

“அழகா இருக்குதாம்” என்றேன்.

மறுநாள் அந்துவான் தொழிற்சாலையில் சொல்லி, சக தொழிலாளி ஒருவரிடம் கார் வாங்கிக்கொண்டு வந்தார். அந்த மனிதர் டெபாசிட் கேட்கவில்லை, அட்டை கேட்கவில்லை. இப்படி ஒரு நடைமுறை இங்கே இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, ஏனென்றால் அது எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. நாங்கள் வழியில் இருக்கும்போதே தனபால் போய்விட்டான். தொலைபேசியில் பேசிய அதே நர்ஸ்தான் எங்களைப் பார்த்தார். கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தாராம். கோபமாக இல்லை, பொறுமையாக. அவன் கேட்ட அந்த ஓசையை நர்ஸ் சொல்லிக் காட்ட முயன்றார். இரண்டு மூன்று முறை வாயைத் திறந்தார், வரவில்லை. சரோஜா அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் என்ன கேட்டான் என்பது எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

அதன்பின் செய்யவேண்டியவை நிறைய இருந்தன. எல்லாவற்றுக்கும் படிவம் இருந்தது. எல்லாவற்றையும் பிழையில்லாமல் நிரப்பினேன். அழுகை வரவில்லை. படிவத்தில் அதற்கு இடமும் இல்லை.

வங்கியிலிருந்து புது அட்டை வந்தது. பழையதை இரண்டாக வெட்டி, இரு துண்டுகளையும் திருப்பி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். கத்தரிக்கோலை வைத்துப் பார்த்தேன். திண்டிவனத்து உறை வழுக்கியது, இடம் கொடுக்கவில்லை. சமையலறையில் சரோஜா பீன்ஸ் அரிந்துகொண்டிருந்தாள். ஊரிலிருந்து கொண்டுவந்த அருவாமனையில், தரையில் உட்கார்ந்து. கையை நீட்டினாள். கொடுத்தேன். பலகையை அழுத்தி மிதித்துக்கொண்டு, முருங்கைக்காய் நறுக்குவதுபோல் ஒரே தள்ளில் இரண்டாக்கினாள். ஒரு துண்டில் என் பெயர், இன்னொன்றில் அப்பா பெயர்.

வெட்டிய வாயில் நகத்தை விட்டதும் உறை தோலாக உரிந்து வந்தது. உள்ளே இருந்தது பிரான்சின் அட்டை, சொரசொரப்பு ஏதுமின்றி, தட்டையாக. அதைத் தபால் உறையிலிட்டு முகவரி எழுதினேன். உரிந்த பிளாஸ்டிக்கைக் குப்பையில் போடப்போனபோது விரலில் ஏதோ இடறியது. எழுத்துகள். சூட்டில் அட்டை அமுங்குவதற்கு முன்னால் உறை அவற்றை வாங்கிக்கொண்டிருந்தது. ஒரு வெள்ளைத் தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தேன். முதலில் ஒரு கால், பிறகு ஒரு வளைவு, பிறகு முழுப் பெயரும், இரண்டு துண்டுகளாக, ஒரு குறையும் இல்லாமல் தாளில் எழுந்து வந்தது. அந்தப் பெண் மூன்று முறை இழுத்தும் கிடைக்காதது.

சரோஜா அரிவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

“வந்துடுச்சா?”

“வந்துடுச்சு.”

“இப்ப யார்கிட்டங்க குடுக்கப் போறீங்க?”

அவள் குத்திக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கேட்டுவிட்டு அடுத்த காயை எடுத்தாள். வங்கியின் சொத்தை மறுநாள் பதிவுத் தபாலில் வங்கிக்கு அனுப்பினேன். வெற்று உறையின் இரண்டு துண்டுகளும் விழுப்புரத்து வீட்டுப் பத்திரத்தோடு, ஒரே தகரப் பெட்டியில் இருக்கின்றன. விரலால் தடவினால் இன்னும் படிக்க முடிகிறது.