மீன் குழம்புக்கு ஒயின் பார்த்த இரண்டு பேர்

திருச்சியில் ஒரு நட்சத்திர ஹோட்டல் பாரில் ஒயின் சிபாரிசு செய்வது என் உத்தியோகம். ஸ்ரீரங்கத்தில் பிறந்து, மீனை வாயில் வைக்காமலே, இருபது வருடமாக மீனுக்கு ஒயின் சொல்லிவருகிறேன். இதில் மோசடி இல்லை. ஒயின் சேர வேண்டியது மீனோடு அல்ல, மசாலாவோடு; அதை முகர்ந்தாலே போதும். இப்படித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொள்வேன். அப்பா கடைசிவரை எல்லோரிடமும், "பையனுக்கு ஹோட்டல்ல ஆபீஸ் வேலை" என்றே சொல்லிவந்தார். என்ன வேலை என்று என்னிடம் கேட்டதில்லை.

ஒரு புதன்கிழமை மதியம் மண்ணச்சநல்லூர் ரைஸ்மில் முதலாளி ஒருவர் டிபன் கேரியரோடு வந்தார். 'வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை' பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்து திறந்தார். மாங்காய் போட்ட விரால் மீன் குழம்பு.

"இதுக்கு எந்த ஒயின் சரியா வரும்? சொல்லுங்க சார்."

"யாருக்குங்க?"

"எம் பொண்ணுக்கு. நியூசிலாந்துல இருக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி வந்தப்ப, சாப்பாட்டோட ஒயின் குடிப்பேன்னு பேச்சுவாக்குல சொல்லிச்சு. நான் ஆடின ஆட்டத்துல மறுநாளே கிளம்பிருச்சு. அப்புறம் போன்ல நல்லாருக்கீங்களாப்பா, நல்லாருக்கேம்மா, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை வருது. வீட்டுக்கு இல்ல, இங்க ரூம் போட்டிருக்கு. ஒரு வேளை எங்கூட சாப்பிடறேன்னிருக்கு. அவ அம்மா இருந்தா சமாளிச்சிருப்பா. இப்ப குழம்பும் நான்தான் வைக்கணும், பேசவும் நான்தான் பேசணும்."

எங்கள் லிஸ்டில் வெள்ளை ஒயின் மூன்றே மூன்று. மூன்றையும் ஐஸ் பக்கெட்டில் வைத்துவிட்டு உட்கார்ந்தோம். அவர் மது தொடமாட்டார். நான் மீன் தொடமாட்டேன். அவர் ஒரு வாய் குழம்பு, நான் ஒரு மிடறு ஒயின். பிறகு அவரவர் நாக்கின் நிலவரத்தைச் சொல்லிக்கொண்டோம்.

முதலில் ஷார்டனே, மரப்பீப்பாயில் ஊறியது. "வெண்ணெய், கொஞ்சம் மரவாசனை" என்றேன்.

"புளியோட வெண்ணெயா? வெளங்கினாப்லதான்."

சரியான தீர்ப்பு. புளி பட்டால் அந்த மரம் கசக்கும்.

அடுத்தது சாவின்யோன் பிளாங்க். "அறுத்த புல்லு, பச்சை மாங்காய். ஆனா காரத்தைத் தூக்கிக் காட்டும்."

"வேணாம் சார். எங்கிட்ட இருக்கற காரமே போதும்."

கடைசியில் செனின் பிளாங்க். "நல்ல புளிப்பு. பின்னாடியே துளி இனிப்பு. கொய்யா வாசனை."

கண்ணை மூடி இன்னொரு வாய் குழம்பு சாப்பிட்டார். "காரம் ஏறுறப்ப இது வந்து கையப் புடிச்சுக்கும்ல? இதே இருக்கட்டும்." எழுந்தவர் நின்றார். "நெசமா எப்படி சார் இருக்கும், குடிக்கிறப்ப?"

"வெயில்ல நடந்து வந்து கொள்ளிடத்துல கால் வெச்ச மாதிரிங்க."

தலையாட்டிக்கொண்டே போனார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலமும் கேரியர் வந்தது. மகள் ரூமிலிருந்து இறங்கி வந்து அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள். செஃப் பார்க்காத மாதிரி பார்த்து சூடு செய்து கொடுத்தார். நான் பாட்டிலைத் திறந்ததும் முதலாளி, "குடுங்க, நான் ஊத்தறேன்" என்று வாங்கிக்கொண்டார். ஒயின் கிளாஸில் மூன்றில் ஒரு பங்குதான் ஊற்ற வேண்டும். அவர் விளிம்புவரை ஊற்றினார். அரை டம்ளர் கொடுத்தால் 'எழுந்து போ' என்று அர்த்தமாகிவிடும் ஊர்க்காரர். இருபது வருடத் தொழில் என் தொண்டைவரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

மகள் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இவ்வளவு யாரும் ஊத்தமாட்டாங்கப்பா."

"நம்ம வீட்ல இப்படித்தான்."

தூக்கினால் சிந்தும். குனிந்து, மேஜையில் வைத்தபடியே உறிஞ்சினாள். பிறகு ஒரு வாய் குழம்பு.

"கொய்யா வாசனை வருதாம்மா?"

"வருதுப்பா. உங்களுக்கெப்படித் தெரியும்?"

என்னைக் கைகாட்டினார். "நாங்க ரெண்டு பேருமா பாத்துட்டோம்."

அவள் சிரித்தாள், சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "காரம்" என்றாள்.

மறுநாள் காலை ரூமைக் காலி செய்தாள். பெட்டியை மண்ணச்சநல்லூர் காரில்தான் ஏற்றினார்கள்.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்றுதான் இன்றும் சொல்லித்தருகிறேன். ஊற்றுகிறவர் அப்பாவாக இருந்தால் குறுக்கே போகாதே என்றும் சொல்வேன்.

இன்னொன்று. புளியோதரைக்கும் செனின் பிளாங்க்தான் சரியாக வரும். அப்பா கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.