மேக் எ மூவ்

ஒஸ்லோவின் ரொம்சோஸில் எங்களுக்கு மேல்மாடியில் இருந்த யோகநாதன் அண்ணன் முப்பது வருடமாக ஒரே ஆங்கிலத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். "ஷல் வீ மேக் எ மூவ்?"

புறப்படுவோமா என்பதற்குத்தான் இவ்வளவு சோடனை. மட்டக்களப்பு வாடிவீட்டில் அவர் பரிமாறிய காலத்தில், அரசாங்கக் கச்சேரிப் பெரியவர்கள் சாப்பிட்டு முடித்து அப்படிச் சொல்வார்களாம். சொல்லிவிட்டு இன்னும் அரை மணி நேரம் இருப்பார்களாம். எண்பதுகளில் நோர்வேயின் வடக்கே பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலைக்கும் அதைக் கொண்டுவந்தார். வேலை முடிந்து கையுறையைக் கழற்றும்போது அவர் சொன்னால், நோர்வேக்கார மேற்பார்வையாளரும் சிரித்துக்கொண்டு திருப்பிச் சொல்வாராம்.

ஒஸ்லோவில் கலியாணவீடு, செத்தவீடு எல்லாவற்றிலும் சொன்னார். ஆனால் எழும்பமாட்டார். எழும்பினாலும் சப்பாத்தோடு வாசலில் நின்று கதை. திறந்த கதவால் குளிர் அடிக்க, நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். அண்ணனின் மனைவி பவளம் அக்காதான் அவர் கையைப் பிடித்து இழுப்பார்.

"சொன்னா எழும்போணும். சும்மா என்னத்துக்குச் சொல்றீங்க?"

2006இல் அக்காவுக்கு மறதி நோய் முற்றியது. வெறுங்காலோடு பனிக்குள் இறங்கி நடந்தவரைப் பொலிஸ் கூட்டிவந்த பிறகு, பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார்கள். சனிக்கிழமைகளில் நான்தான் அண்ணனைக் காரில் கூட்டிப்போவேன். அக்கா கோட்டைப் போட்டுக்கொண்டு கட்டிலில் காத்திருப்பார்.

"இஞ்சாருங்க, மேக் எ மூவ்?"

"சப்பாத்தப் போட்டுட்டு வாறன், நீ இரு புள்ள," என்று சொல்லி அண்ணன் நழுவிவிடுவார். காரில் ஏறியதும் அழுவார். ஒரு நாளாவது அக்காவை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், அவருக்கு வேறு ஆசையே இல்லை. கேட்கும்போதெல்லாம், திரும்பவும் ஓடிவிடுவார் என்று மறுத்தார்கள். அந்த இடத்தின் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை.

2008 மார்கழியில் அனுமதி தந்தார்கள். "இப்ப ஓடமாட்டா, பயமில்லையாம்," என்று அண்ணன் சந்தோஷமாகத்தான் சொன்னார். ஏன் ஓடமாட்டார் என்று நாங்கள் இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

அக்காவுக்குக் கோட்டைப் போட்டு, பொத்தான்களைப் பூட்டினார். "பவளம், மேக் எ மூவ்?"

அக்கா யாரோ என்பதுபோலப் பார்த்தார். கையைப் பிடித்ததும் கட்டில் கம்பியை இறுக்கிக்கொண்டு கத்தத் தொடங்கினார். தாதி ஓடிவந்தார். அண்ணன் பொத்தான்களைத் திரும்பக் கழற்றினார். கோட்டைக் கொக்கியில் மாட்டிவிட்டு வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தம்பி, மேக் எ மூவ்," என்றார் என்னிடம். சொன்ன உடனே எழும்பினார். வாசலில் நிற்கவில்லை.